அத்லெடிகோ பட்டம் வென்ற 2013-14 லா லிகா: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

ஸ்பெயின் கால்பந்தைப் பற்றிப் பேச்சு எடுத்தால் யாராவது ஒருவர் 2013-14 சீசனை இழுத்துவிடுவார். மெஸ்ஸி ஆடிய பார்சிலோனாவையும் ரொனால்டோ ஆடிய ரியல் மாட்ரிடையும் தாண்டி அத்லெடிகோ மாட்ரிட் பட்டம் வென்ற சீசன் அது. "மெஸ்ஸி, ரொனால்டோ ரெண்டு பேரும் இருந்தும் எப்படி விட்டாங்க?" என்பதில் தொடங்கி, பார்சிலோனாவுக்கு அன்று எத்தனை புள்ளி தேவைப்பட்டது என்பது வரை அதே சந்தேகங்கள்தான். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்லி அலுத்துவிட்டதால் இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

லா லிகான்னா என்ன? மொத்தம் எத்தனை டீம், எத்தனை மேட்ச்?

ஸ்பெயின் தொழில்முறை கால்பந்தின் முதல் பிரிவுதான் லா லிகா. 1929-இல் தொடங்கியது. 20 அணிகள்; ஒவ்வொன்றும் மற்ற 19 அணிகளோடும் சொந்த மைதானத்தில் ஒரு முறை, எதிரணி மைதானத்தில் ஒரு முறை ஆடும். ஆக ஓர் அணிக்கு 38 ஆட்டம். வென்றால் 3 புள்ளி, டிரா என்றால் 1. அரையிறுதி, இறுதி எல்லாம் கிடையாது. 38 ஆட்டம் முடிந்ததும் யார் மேலே இருக்கிறாரோ அவர்தான் சாம்பியன். கடைசி மூன்று அணிகள் இரண்டாம் பிரிவுக்கு இறங்கிவிடும்.

2013-14 சீசன் ஆகஸ்ட் நடுவில் தொடங்கி அடுத்த ஆண்டு மே 18 வரை ஓடியது.

சரி, அந்த வருஷம் யார் ஜெயிச்சாங்க?

அத்லெடிகோ மாட்ரிட், 90 புள்ளி. பார்சிலோனாவும் ரியல் மாட்ரிடும் ஆளுக்கு 87. அத்லெடிகோ 28 வென்றது, 6 டிரா, 4 தோல்வி. மற்ற இரண்டும் 27 வெற்றி, 6 டிரா, 5 தோல்வி. ஒரே ஓர் ஆட்டத்தின் வித்தியாசம் என்று சொல்லலாம்.

கோல் கணக்கைப் பார்த்தால் சிரிப்பு வரும். ரியல் அடித்தது 104, பார்சிலோனா 100, அத்லெடிகோ வெறும் 77. ஆனால் வாங்கியதைப் பாருங்கள்: ரியல் 38, பார்சிலோனா 33, அத்லெடிகோ 26.

அத்லெடிகோவும் அத்லெடிக் பில்பாவோவும் ஒரே டீமா? ரெண்டும் சிவப்பு-வெள்ளைக் கோடுதானே போடுறாங்க?

வேறு வேறு அணிகள், ஆனால் உறவு உண்டு. மாட்ரிடில் படித்துக்கொண்டிருந்த, வட ஸ்பெயினின் பாஸ்க் பகுதி மாணவர்கள் சிலர் தங்கள் ஊர் அணியான பில்பாவோவின் கிளையாக 1903-இல் தொடங்கியதுதான் இன்றைய அத்லெடிகோ. பெயரும் சட்டையும் அங்கிருந்து வந்தவை. அந்தக் காலத்து மெத்தை உறைகளில் இதே சிவப்பு-வெள்ளைக் கோடு இருந்ததால் அத்லெடிகோ ஆட்களுக்கு 'மெத்தைக்காரர்கள்' என்ற பட்டப்பெயரும் ஒட்டிக்கொண்டது.

ஒரு டீம் ஜெயிச்சது இவ்வளவு பெரிய விஷயமா? அவங்களும் பெரிய டீம்தானே?

பழைய பெரிய அணிதான். அதற்கு முன்பே 9 முறை பட்டம் வென்றது. ஆனால் கடைசியாக வென்றது 1995-96-இல். அப்புறம் 2000-இல் இரண்டாம் பிரிவுக்கே இறங்கி, இரண்டு வருடம் அங்கே ஆடிவிட்டுத்தான் திரும்பியது. இதற்கிடையில் லீக் முழுக்க இருவர் வீட்டுச் சொத்தாகிவிட்டது. 2004-இல் வாலென்சியா வென்ற பிறகு ஒன்பது சீசனும் பட்டம் பார்சிலோனாவுக்கோ ரியலுக்கோதான் போனது.

அதற்குப் பெரிய காரணம் பணம். அப்போது ஸ்பெயினில் தொலைக்காட்சி உரிமையை ஒவ்வொரு அணியும் தனித்தனியாக விற்றது. பார்சிலோனாவும் ரியலும் ஆண்டுக்கு ஏறக்குறைய 140 மில்லியன் யூரோ வாங்கின. அத்லெடிகோவுக்குக் கிடைத்தது 40 மில்லியன் சொச்சம். எல்லா அணிகளுக்கும் சேர்த்து ஒரே ஒப்பந்தமாக விற்க வேண்டும் என்று அரசு ஆணை வந்தது 2015-இல்தான். அந்த 2013 கோடையில் ரியல் கேரத் பேலை வாங்கியது, பார்சிலோனா நெய்மாரை வாங்கியது. அத்லெடிகோவோ தன் முதன்மை கோல்காரர் ஃபல்காவோவை மொனாக்கோவுக்கு விற்றுவிட்டு, பார்சிலோனா வேண்டாம் என்று விட்ட டேவிட் வியாவை அடிமாட்டு விலைக்கு எடுத்தது.

அப்போ காசு இல்லாம எப்படித்தான் ஜெயிச்சாங்க?

பயிற்சியாளர் டியேகோ சிமியோனே. 1996-இல் பட்டம் வென்ற அத்லெடிகோ அணியில் நடுக்கள வீரராக ஆடியவர். 2011 டிசம்பரில் பொறுப்பேற்றார். அடுத்த மே மாதமே ஐரோப்பிய அணிகளின் இரண்டாம் நிலைப் போட்டியான யூரோப்பா லீக் கோப்பை. அதற்கடுத்த மே 17-ஆம் தேதி ரியலை அவர்கள் மைதானத்திலேயே வென்று, லீகுக்கு வெளியே தனியாக நடக்கும் ஸ்பெயின் அரசர் கோப்பை. 14 வருடமாக ரியலை ஒரு முறைகூட வெல்ல முடியாமல் இருந்த அணி அது. என்னைக் கேட்டால், லீக் பட்டத்தின் விதை அன்று இரவு விழுந்ததுதான்.

ஆட்டமுறை எளிமையானது, ஆனால் ஆடிப் பார்த்தால் முதுகு ஒடியும். நான்கு பேர் பின்னால், நான்கு பேர் நடுவில், இரண்டு வரிசைக்கும் நடுவே ஒரு ஆள் நுழைய இடம் விடாமல் நெருக்கமாக நிற்பார்கள். பந்தை எதிரணியே வைத்துக்கொள்ளட்டும், களத்தின் நடுப்பகுதி மட்டும் நம்முடையது என்பது கணக்கு. பந்து கிடைத்ததும் நேராக டியேகோ கோஸ்டாவுக்கு. அவர் இரண்டு தடுப்பாட்டக்காரர்களை முட்டித் தள்ளிக்கொண்டு ஓடுவார். அதுவும் வேலைக்கு ஆகவில்லை என்றால் கார்னர், ஃப்ரீகிக். கபியோ கொக்கேவோ பந்தைத் தூக்கிப் போட, கோடின், மிராண்டா, ரவுல் கார்சியா என்று தலையால் முட்ட வரிசையாக ஆள் நிற்பார்கள்.

இன்னொன்று, அணி பெரும்பாலும் மாறவே இல்லை. கோர்த்துவா, ஹுவான்ஃப்ரான், மிராண்டா, கோடின், ஃபிலிப்பே லூயிஸ், கபி, கொக்கே, அர்டா துரான், கோஸ்டா: சீசன் முழுக்க இந்தப் பெயர்களைத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம். "பட்டம் வெல்வீர்களா?" என்று நிருபர்கள் எப்போது கேட்டாலும் சிமியோனேவிடம் ஒரே பதில்தான், "ஆட்டம் ஆட்டமாகப் பார்ப்போம்". பிப்ரவரியில் கேட்கும்போது சாக்குப்போக்கு போலத் தோன்றியது. மே மாதம் வந்தபோதுதான் மனிதர் உண்மையாகவே சொல்லியிருக்கிறார் என்று புரிந்தது.

நேரா கடைசி நாளுக்கு வாங்க. அன்னிக்கு என்ன நடந்துச்சு?

2014 மே 17, சனிக்கிழமை, பார்சிலோனாவின் காம்ப் நோ மைதானம். மேலே சொன்ன அரசர் கோப்பை இறுதியிலிருந்து நாள் பிசகாமல் ஒரு வருடம். அத்லெடிகோவுக்கு 89 புள்ளி, பார்சிலோனாவுக்கு 86. பட்டப் போட்டியில் இருந்த முதல் இரண்டு அணிகள் கடைசி நாளில் ஒன்றோடு ஒன்று மோதின. அட்டவணை போட்டவர்களுக்கு அப்படி ஓர் அதிர்ஷ்டம் எப்போதாவதுதான் வாய்க்கும். அத்லெடிகோவுக்கு டிரா போதும். பார்சிலோனாவுக்கு வெற்றி வேண்டும்.

16-ஆவது நிமிடத்தில் கோஸ்டா தொடைத் தசை பிடித்து வெளியேறினார். 23-ஆவது நிமிடத்தில் அர்டா துரான் காயத்தோடு அழுதுகொண்டே போனார். 33-ஆவது நிமிடத்தில் அலெக்சிஸ் சான்செஸ், கோல் அடிக்கவே முடியாது என்று தோன்றும் ஒரு கோணத்திலிருந்து மேல்வலையில் அறைந்தார். 1-0. பார்த்துக்கொண்டிருந்த என் நண்பர் ஒருவர் அப்போதே தொலைக்காட்சியை அணைத்துவிட்டுப் படுக்கப் போனார். இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறோம்.

இடைவேளை முடிந்து நான்காவது நிமிடம். கபி எடுத்த கார்னர், கோடின் எல்லார் தலைக்கும் மேலே எழும்பி முட்டினார், 1-1. அதன்பின் மீதி நேரம் முழுக்கத் தடுப்பு, தடுப்பு, தடுப்பு. முடிவு விசில் அடித்ததும் காம்ப் நோ ரசிகர்கள் எழுந்து நின்று அத்லெடிகோவுக்குக் கைதட்டினார்கள். சொந்த அணி பட்டத்தை இழந்த ஐந்தாவது நிமிடத்தில் அப்படிச் செய்ய மனசு வேண்டும்.

பார்சிலோனா 3 புள்ளி பின்னாடி. ஜெயிச்சாலும் சமம்தானே ஆகும்? அப்புறம் எப்படி சாம்பியன் ஆகியிருப்பாங்க?

இந்தக் கேள்விதான் அதிகம் வரும். இங்கிலாந்து லீக் பார்த்துப் பழகியவர்கள் புள்ளி சமமானால் மொத்த கோல் வித்தியாசத்தை (சீசன் முழுக்க அடித்த கோலில் வாங்கிய கோலைக் கழித்தது) பார்ப்பார்கள். லா லிகாவில் அப்படி இல்லை. சமமான இரண்டு அணிகள் தங்களுக்குள் ஆடிய இரண்டு ஆட்டங்களின் முடிவைத்தான் முதலில் பார்ப்பார்கள். அதிலும் தீர்வு வரவில்லை என்றால்தான் மொத்த கோல் வித்தியாசம்.

ஜனவரியில் அத்லெடிகோ மைதானத்தில் இந்த இரண்டு அணிகளும் ஆடியது 0-0. ஆகவே மே 17 அன்று பார்சிலோனா ஒரு கோல் வித்தியாசத்தில் வென்றிருந்தாலும் இருவருக்கும் 89 புள்ளி, நேருக்கு நேர் கணக்கில் பார்சிலோனா மேலே, பட்டமும் அவர்களுக்கே.

அப்போ ரியலும் பார்சிலோனாவும் 87ல சமம். அதுக்கும் இதே விதிதானா?

அதேதான். அந்த சீசனில் பார்சிலோனா ரியலை இரண்டு முறையும் வென்றது: அக்டோபரில் 2-1, மார்ச்சில் ரியல் மைதானத்தில் 4-3. அதில் மெஸ்ஸிக்கு மூன்று கோல், இரண்டு பெனால்டியில் வந்தவை. அதனால் பார்சிலோனா இரண்டாமிடம், ரியல் மூன்று. கோல் வித்தியாசம் பார்த்திருந்தாலும் பார்சிலோனா ஒரே ஒரு கோல் முன்னால்தான், 67-க்கு 66. ஆகவே இங்கே எந்த விதி என்றாலும் ஒன்றுதான்.

விதி உண்மையிலேயே பட்டத்தைத் தீர்மானித்ததற்கு 2006-07 சீசனைப் பாருங்கள். ரியலும் பார்சிலோனாவும் 76 புள்ளி. கோல் வித்தியாசத்தில் பார்சிலோனா மிக மேலே. ஆனால் தங்களுக்குள் ஆடியதில் ரியல் 2-0 என்று வென்று, அடுத்ததை 3-3 ஆக்கியிருந்தது. பட்டம் ரியலுக்கு.

மெஸ்ஸி ஒரு கோல் அடிச்சாராமே, நடுவர் தரலைன்னு சொல்றாங்களே?

உண்மை. இரண்டாம் பாதியில் 1-1 இருக்கும்போது மெஸ்ஸி பந்தை வலைக்குள் அடித்தார். ஆஃப்சைடு (சக வீரர் பந்தைத் தரும்போது எதிரணியின் தடுப்பு வரிசையைத் தாண்டி நிற்பது) என்று கொடி தூக்கினார்கள். பந்து கடைசியாக அத்லெடிகோ வீரரின் காலில் பட்டுத்தான் மெஸ்ஸியிடம் வந்தது, எனவே கோல் கொடுத்திருக்க வேண்டும் என்பது பார்சிலோனா ரசிகர்களின் வாதம். மறு ஒளிபரப்பைப் பார்த்தால் அந்த வாதத்தில் வலு இருக்கிறது என்றுதான் நானும் சொல்வேன். வீடியோ நடுவர் முறை லா லிகாவுக்கு வந்தது 2018-19-இல். அன்று நடுவர் மத்தேயு லஹோஸுக்கு ஒரு விநாடியில் எடுத்த முடிவைத் தவிர வேறு வழியில்லை.

ஆனால் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: அந்த சீசனில் இந்த இரண்டு அணிகளும் ஆறு முறை மோதின. சீசன் தொடக்கத்தில் நடக்கும் ஸ்பெயின் சூப்பர் கோப்பையில் இரண்டு, லீகில் இரண்டு, ஐரோப்பாவின் முதன்மைப் போட்டியான சாம்பியன்ஸ் லீக் காலிறுதியில் இரண்டு. ஐந்து டிரா, ஒன்றில் அத்லெடிகோ வெற்றி. பார்சிலோனா ஒன்றில்கூட வெல்லவில்லை.

எனக்கென்னவோ அதிர்ஷ்டம்னுதான் தோணுது. கடைசியில எல்லாரும் சொதப்பினதாலதானே கிடைச்சுது?

பாதி சரி. ஏப்ரல் கடைசியில் அத்லெடிகோ 88 புள்ளியோடு நின்றது, இன்னும் மூன்று ஆட்டம். அந்த மூன்றில் எடுத்தது வெறும் 2 புள்ளி: லெவான்தேயிடம் 2-0 தோல்வி, மலாகாவோடு 1-1, பிறகு காம்ப் நோ. சாதாரணமாக இப்படி ஆடினால் பட்டம் கைநழுவிப் போகும்.

ஆனால் துரத்தியவர்கள் அதைவிட மோசம். பார்சிலோனா 84-இல் இருந்தது. கெத்தாஃபேயோடு கடைசி நிமிடங்களில் கோல் வாங்கி 2-2, எல்சேயில் 0-0. ரியலுக்கு 82 புள்ளி, தள்ளிவைக்கப்பட்ட ஓர் ஆட்டத்தையும் சேர்த்து நான்கு ஆட்டம் மீதி. நான்கையும் வென்றிருந்தால் 94, பட்டம் அவர்களுடையது. வாலென்சியாவோடு 2-2, வயாடோலிட்டில் 1-1, செல்டாவிடம் 2-0 தோல்வி. அவர்கள் மனசு முழுக்க சாம்பியன்ஸ் லீக் இறுதியில் இருந்தது.

மீதிப் பாதி எங்கே என்றால், மார்ச் தொடக்கத்தில். 26 ஆட்டம் முடிந்தபோது ரியல் 64, பார்சிலோனா 63, அத்லெடிகோ 61. பிப்ரவரியில் அல்மேரியாவிடமும் ஒசசூனாவிடமும் தோற்றிருந்தார்கள். 'அவ்வளவுதான், மூச்சு வாங்குகிறது' என்று எல்லாரும் எழுதினார்கள், நானும் நம்பினேன். அதற்கப்புறம் தொடர்ந்து ஒன்பது வெற்றி. அதில் எஸ்பான்யோல், கிரனாடா, வில்லாரியல், வாலென்சியா நான்கும் 1-0. ஒன்பது ஆட்டத்திலும் சேர்த்து வாங்கிய கோல் ஒன்றே ஒன்று, பில்பாவோவில். கோடின் தலையால் முட்டிய படத்தைத்தான் எல்லோரும் சட்டம் போட்டு மாட்டுகிறார்கள். எனக்கு அந்த நான்கு 1-0 ஆட்டங்கள்தான் பட்டம்.

அதிக கோல் அடிச்சது கோஸ்டாவா?

இல்லை. கிறிஸ்டியானோ ரொனால்டோ 31, மெஸ்ஸி 28, கோஸ்டா 27. குறைவான கோல் வாங்கிய கோல்கீப்பருக்கான ஸமோரா விருது கோர்த்துவாவுக்கு.

கோர்த்துவா செல்சி பிளேயர்தானே? இங்க எப்படி ஆடினார்?

கடனாக. லண்டன் அணியான செல்சி அவரை வாங்கிய கையோடு அத்லெடிகோவுக்கு இரவல் கொடுத்தது, மூன்று சீசன் அங்கேயே இருந்தார். சிக்கல் என்னவென்றால், 2014 சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் அத்லெடிகோவுக்கு எதிரணியாக வந்தது அதே செல்சி. அவரை செல்சிக்கு எதிராக இறக்கினால் அத்லெடிகோ பெரும் தொகை தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு இருப்பதாகச் செய்தி வந்தது. அப்படிப்பட்ட பிரிவு செல்லாது என்று ஐரோப்பியக் கால்பந்து ஒன்றியம் சொல்லிவிட்டது. அவர் ஆடினார், லண்டனில் அத்லெடிகோ 3-1 என்று வென்றது.

கீழ இறங்கினது யாரு?

ஒசசூனா 39 புள்ளி, வயாடோலிட் 36, பெட்டிஸ் 25. அல்மேரியாவும் எல்சேயும் 40 புள்ளியோடு தப்பித்தன.

ஒசசூனாவின் கதை கொஞ்சம் மனசை உறுத்தும். சொந்த மைதானத்தில் பார்சிலோனாவோடு 0-0, ரியலோடு 2-2, சாம்பியன் ஆன அத்லெடிகோவையே 3-0 என்று வென்ற அணி. கடைசி நாளில் பெட்டிஸை 2-1 வென்றும் ஒரு புள்ளியில் இறங்கியது. அந்த ஆட்டத்தில் கோலைக் கொண்டாட ரசிகர்கள் முன்னே பாய்ந்ததில் தடுப்புக் கம்பி சரிந்து பலருக்குக் காயம், ஆட்டம் நிறுத்தப்பட்டுத்தான் தொடர்ந்தது.

நாலாவது, அஞ்சாவது வந்தவங்களுக்கு ஏதாவது உண்டா?

முதல் மூன்று அணிகள் நேராக சாம்பியன்ஸ் லீகுக்கு. நான்காவதாக 70 புள்ளியோடு வந்த அத்லெடிக் பில்பாவோ (மேலே சொன்ன பாஸ்க் அணி) தகுதிச்சுற்று ஆடி, நாப்போலியை வென்று உள்ளே போனது. அடுத்து வந்த செவியா, வில்லாரியல், ரியல் சொசிடாட் மூன்றுக்கும் யூரோப்பா லீக். செவியா அந்த வருட யூரோப்பா லீக் கோப்பையையும் பென்ஃபிகாவிடம் பெனால்டியில் வென்றது.

லீக் ஜெயிச்ச கையோட சாம்பியன்ஸ் லீக் ஃபைனல்ல தோத்தது இவங்கதானா?

ஆமாம், ஒரே வாரத்தில். மே 24, லிஸ்பன், எதிரணி ரியல். ஒரே நகரத்தின் இரண்டு அணிகள் அந்தக் கோப்பையின் இறுதியில் மோதியது அதுவே முதல் முறை. காம்ப் நோவில் காயம்பட்ட கோஸ்டாவை எப்படியாவது தேற்ற வேண்டும் என்று பெல்கிரேடுக்கு அனுப்பினார்கள். குதிரை நஞ்சுக்கொடியிலிருந்து எடுத்த திரவத்தைத் தடவும் சிகிச்சை என்று பத்திரிகைகள் எழுதின. அவர் ஒன்பது நிமிடம்தான் ஆடினார். சிமியோனே செய்த பெரிய தவறு இதுதான்.

இங்கேயும் கோடின் தலையால் முட்டி 1-0. வழக்கமான 90 நிமிடம் தாண்டி 93-ஆவது நிமிடம் வரை அதே நிலை. அப்போது ரியலின் ரமோஸ் ஒரு கார்னரைத் தலையால் முட்டிச் சமன் செய்தார், அத்லெடிகோ அதுவரை ஊருக்கெல்லாம் செய்துகொண்டிருந்த அதே வேலையை. கூடுதல் நேரத்தில் கால்கள் ஓயவில்லை என்றால்தான் ஆச்சரியம். 4-1.

நம்ம ஐ.எஸ்.எல்.ல கொல்கத்தா டீமுக்கு அத்லெடிகோன்னு பேர் வந்தது இதனாலயா?

அதே அத்லெடிகோதான், ஆனால் இந்தப் பட்டத்தால் அல்ல. ஐ.எஸ்.எல். எனும் இந்தியன் சூப்பர் லீகில் ஆட 2014-இல் தொடங்கிய கொல்கத்தா அணியில் அத்லெடிகோ மாட்ரிட் பங்குதாரராகச் சேர்ந்தது, பெயரும் சிவப்பு-வெள்ளைக் கோடும் அப்படி வந்தன. அந்த அணிதான் முதல் சீசன் சாம்பியன். பிறகு மாட்ரிட் விலகியதும் பெயரும் மாறிவிட்டது.

அப்புறம் அந்த டீம் என்ன ஆச்சு? மறுபடி ஜெயிச்சாங்களா?

அந்தக் கோடையிலேயே கோஸ்டாவும் ஃபிலிப்பே லூயிஸும் செல்சிக்குப் போனார்கள், கோர்த்துவா இரவல் முடிந்து அங்கேயே திரும்பினார். அடுத்த சீசன் மூன்றாமிடம். 2017-இல் பழைய கால்தெரோன் மைதானத்தையும் விட்டு நகரின் மறுபக்கம் புது மைதானத்துக்கு மாறினார்கள். சிமியோனே மட்டும் நகரவில்லை.

அடுத்த பட்டத்துக்கு ஏழு வருடம் ஆனது, 2020-21. இந்த முறையும் கடைசி நாள் வரை இழுத்தது. வயாடோலிட்டில் முதலில் கோல் வாங்கி, பிறகு 2-1 என்று திருப்பினார்கள். வெற்றி கோலை அடித்தவர் லூயிஸ் சுவாரெஸ். வியாவைப் போலவே அவரையும் பார்சிலோனாதான் வேண்டாம் என்று அனுப்பியிருந்தது. ஆட்டம் முடிந்ததும் மைதானத்தில் உட்கார்ந்து, கைப்பேசியில் வீட்டாரைப் பார்த்து அழுதுகொண்டிருந்தார்.